குடியை விட நினைப்பவருக்கு: ஏஏ கூட்டங்களுக்கு ஒரு வழிகாட்டி

சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் முழுக்கத் தொடாமல் இருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஆறு மாதம் இருப்பவர்களும் உண்டு. மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடை வாசலில் நிற்பார்கள். நிறுத்துவது இவர்களுக்குக் கை வந்த விஷயம். நிறுத்தியபடியே இருப்பதுதான் வரவில்லை. அந்த இரண்டாவது வேலைக்குத் துணை வேண்டும். அதுவும் குடித்துக் கெட்டு, பிறகு தெளிந்து எழுந்த இன்னொருவரின் துணை.

அந்தத் துணை கிடைக்கும் இடங்களில் பழையது, பரவலானது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏஏ. நான் பல வருடங்களாக இந்தக் கூட்டங்களுக்குப் போகிறவன். புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்று தயங்குவதையும், இரண்டு வாரம் வந்துவிட்டுக் காணாமல் போவதையும் பார்க்கும்போதெல்லாம், முன்கூட்டியே யாராவது நாலு விஷயம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றும். அதற்காகத்தான் இது.

முதலில் டாக்டர்

தினமும் குடிக்கிறவர், அதிலும் காலையிலேயே கை நடுக்கத்துக்கு ஒரு கட்டிங் போட்டால்தான் எழ முடியும் என்ற நிலையில் இருப்பவர், வைராக்கியத்தில் வீட்டில் உட்கார்ந்து திடீரென்று நிறுத்தக் கூடாது. உயிருக்கே ஆபத்து. கடைசியாகக் குடித்து ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத ஆட்களும் பூச்சிகளும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். காய்ச்சல் ஏறும், நெஞ்சு படபடக்கும். இதைப் பார்த்துவிட்டுப் பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. இது அவசர சிகிச்சை தேவைப்படும் நிலை. 108ஐக் கூப்பிட வேண்டும்.

எனவே முதல் வேலை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் போதை மீட்புச் சிகிச்சை உண்டு. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டிடிகே மருத்துவமனை இந்திரா நகரில் இருக்கிறது. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மன உளைச்சலுக்கு டெலி மனஸ், எண் 14416. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

டாக்டரிடம் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஒரு குவார்ட்டர் என்று சொல்லிவிட்டு வீட்டில் மூன்று குவார்ட்டர் குடிக்கிறவருக்குக் கொடுக்கிற மாத்திரை அளவு போதாமல் போகும். தெருமுனைக் கிளினிக்கில் போய் 'சோர்வா இருக்கு, குளுக்கோஸ் ஏத்துங்க' என்று கேட்பதும் வேண்டாம். நாள்பட்டுக் குடித்தவர் உடம்பில் பி1 வைட்டமின் வற்றிப் போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். குடிக்கிறவர் என்பது தெரிந்தால்தான் டாக்டர் அதைச் சரியாகச் செய்வார்.

உடம்பிலிருந்து சாராயம் இறங்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த பிறகு வரும் முதல் சாயங்காலத்திலிருந்துதான் கூட்டத்தின் வேலை தொடங்குகிறது.

குடித்தவர் பேச்சு ஏன் காதில் ஏறுகிறது

அம்மா அழுதிருப்பார். மனைவி தாலியைக் காட்டிக் கேட்டிருப்பார். முதலாளி எச்சரித்திருப்பார், டாக்டர் ஸ்கேனைக் காட்டிக் கல்லீரல் இவ்வளவுதான் என்று சொல்லியிருப்பார். எதுவும் உள்ளே போயிருக்காது. இவர்களுக்கு என்ன தெரியும் என்ற எண்ணம் நடுவில் நிற்கும். அதே ஆள் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருவர் 'பாட்டிலைத் தண்ணி டேங்க்குக்குள்ள கட்டித் தொங்கவிட்டிருந்தேன்' என்று சொல்வதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார். தான் மட்டும்தான் அப்படிச் செய்தோம் என்று அதுவரை நினைத்திருப்பார்.

ஏஏ பிறந்த கதையிலேயே இது இருக்கிறது. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஏக்ரன் என்ற ஊர். பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச் சந்தைக்காரர் ஒரு வியாபாரத்துக்காக அங்கே வந்திருந்தார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வந்த காரியம் கெட்டுப்போனது. ஹோட்டல் கூடத்தில் கையில் காசில்லாமல் தனியாக நிற்கிறார், ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம். இன்னொரு குடிகாரரிடம் பேசினால்தான் தன்னால் குடிக்காமல் இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றியது. அங்கிருந்த தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துப் போன் போட்டு, 'உங்கள் ஊரில் குடியால் அவதிப்படுகிறவர் யாராவது இருக்கிறாரா, அவரிடம் நான் பேச வேண்டும்' என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை டாக்டர். கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்த டாக்டர், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். ஜூன் 10ஆம் தேதி அவர் குடித்த கடைசி மிடறு. அந்த நாளைத்தான் ஏஏவின் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இதில் புதியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்று போன் செய்தவர் உதவி செய்யப் போன் செய்யவில்லை, தனக்கு உதவி வேண்டும் என்று செய்தார். கூட்டத்தில் உங்களுக்கு நம்பர் எழுதிக் கொடுக்கிற பெரியவரும் அப்படித்தான். நீங்கள் ராத்திரி கூப்பிட்டுப் பேசினால் அன்றைக்கு அவரும் குடிக்காமல் படுப்பார். உங்களால் அவருக்குத் தொந்தரவு என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டியதே இல்லை. நம் ஊர்க்காரர்கள் பலர் தோற்றுப்போவது இந்தக் கூச்சத்தில்தான் என்பது என் கருத்து.

இது பலன் தருகிறதா என்று கேட்பவர்களுக்கு: 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரைப் பற்றியவை, ஒன்றாக வைத்து அலசியது. ஏஏவோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில் ஒரு வருடம் கழித்து முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள் 100க்கு 42 பேர். மற்ற உளவியல் சிகிச்சைகள் பெற்றவர்களில் 35 பேர். எல்லோரையும் காப்பாற்றிவிடும் மந்திரம் இல்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. காசு வாங்காத ஒரு ஏற்பாட்டுக்கு இது மிகப் பெரிய பலன் என்பதும் தெரிகிறது.

கூட்டத்தைக் கண்டுபிடிப்பது

இந்தியாவில் ஏஏ 1957 முதல் இருக்கிறது. சென்னையிலும் மற்ற நகரங்களிலும் பல இடங்களில் தமிழிலேயே கூட்டம் நடக்கிறது. பெரும்பாலும் சர்ச் வளாகத்து அறை, பள்ளிக்கூட வகுப்பறை, ஆஸ்பத்திரி ஹால். சர்ச்சில் நடக்கிறதே, மதம் மாற்றுவார்களோ என்று பயப்பட வேண்டாம். வாடகை குறைவு, சாயங்காலம் அறை காலியாக இருக்கும், அவ்வளவுதான் காரணம். ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாக உதவி எண்கள் இருக்கும். கூப்பிட்டு, 'தமிழ்க் கூட்டம் பக்கத்தில் எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு?' என்று கேளுங்கள். பெயர், ஊர், சாதி, வேலை எதையும் சொல்ல வேண்டியதில்லை.

திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு வகை உண்டு. திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், நண்பர் யார் வேண்டுமானாலும் கூட வரலாம். மூடியது குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். தனியாகப் போக பயமாக இருந்தால் முதலில் திறந்த கூட்டத்துக்குப் போங்கள்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. வேலை விட்டு வரும் ஆறு, ஏழு மணிதான் பலருக்கும் கால் தானாகக் கடைப் பக்கம் திரும்புகிற நேரம். அந்த நேரத்தில் நடக்கிற கூட்டமாகப் பாருங்கள். பக்கத்துத் தெருவில் தெரிந்த முகம் இருக்குமோ என்று சங்கடமாக இருந்தால் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிற கூட்டத்துக்குப் போகலாம். எந்தக் கூட்டத்துக்கும் யாரும் போகலாம், எல்லை கிடையாது.

கிராமத்தில் இருப்பவர்கள், வளைகுடா நாடுகளில் கேம்ப்பில் தங்கி வேலை பார்ப்பவர்கள், வெளியே வர முடியாத பெண்கள் ஆகியோருக்கு ஜூம் கூட்டங்கள் இருக்கின்றன. பெண்களுக்கென்றே தனிக் கூட்டங்களும் இணையத்தில் நடக்கின்றன. கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம். கஞ்சா, மாத்திரை, ஊசி என்று வேறு பழக்கம் இருந்தால் இதே பாணியில் நார்க்காட்டிக்ஸ் அனானிமஸ் இருக்கிறது.

முதல் நாள் என்ன நடக்கும்

பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகவோ வரிசையாகவோ போட்டிருப்பார்கள். குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் வழியான பன்னிரண்டு படிகளை எழுதிய பேனர் ஒன்று சுவரில் தொங்கும். 'இன்றைக்கு மட்டும்', 'முதல் கோப்பையைத் தொடாதே' என்பது போன்ற அட்டைகள் மேஜையில் நிற்கும். ஓரத்தில் டீ பிளாஸ்க். வெள்ளை வேட்டிக்காரர் பக்கத்தில் ஸ்விகி டீ-ஷர்ட் போட்ட பையன், அவனுக்கு அடுத்து ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் என்று ஆட்கள் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். யாராவது ஒருவர் எழுந்து வந்து கையைப் பிடித்து, 'முதல் தடவையா? வாங்க, உக்காருங்க' என்பார்.

கூட்டத்தை நடத்துகிறவரும் ஒரு குடிநோயாளிதான். அவருக்குச் சம்பளமில்லை. சின்னப் பிரார்த்தனை, பிறகு ஏஏ என்றால் என்ன என்று ஒரு பத்தி வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். 'என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்கி, குடித்தபோது எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்று ஐந்து, பத்து நிமிடம். குறுக்கே யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். புத்திமதி சொல்ல மாட்டார்கள். ஒருவர் பேசி முடித்ததும் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவர்.

உங்கள் முறை வந்தால் பேசியே தீர வேண்டும் என்பதில்லை. 'இன்னிக்கு கேட்டுக்கிட்டு இருக்கேன்' என்று சொன்னால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். 'நான் குடிநோயாளி' என்று சொல்ல நாக்கு எழவில்லையென்றால் பெயரை மட்டும் சொல்லுங்கள். அந்தப் பெயரும் உங்கள் நிஜப் பெயராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. அன்று குடித்துவிட்டு வந்திருந்தாலும் பெரும்பாலும் வெளியே அனுப்ப மாட்டார்கள். சத்தம் போடாமல் பின்வரிசையில் உட்காரச் சொல்வார்கள்.

முடிவில் ஒரு பை சுற்றி வரும். அறை வாடகைக்கும் டீக்கும் அதில் விழுகிற பத்து, இருபது ரூபாய்தான் ஆதாரம். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏஏவின் மரபு. முதல் நாள் வருகிறவர் போட வேண்டாம் என்றே பல இடங்களில் சொல்லிவிடுவார்கள்.

கேட்கும்போது ஒரு தவறான கணக்கு மனதில் ஓடும். 'இவன் ரத்த வாந்தி எடுத்திருக்கான், நான் அவ்வளவு மோசமில்லையே', 'இவரு நடுத்தெருவில விழுந்து கிடந்திருக்காரு, நான் வேலைக்குப் போய்க்கிட்டுதானே இருக்கேன்' என்று. எல்லோருக்கும் ஓடும். வித்தியாசத்தைத் தேடுவதை விட்டுவிட்டு, உங்கள் கதையோடு ஒத்துப் போகிற ஒரே ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். ஒரு கூட்டத்தை வைத்து எடை போடவும் வேண்டாம். குறைந்தது ஆறு கூட்டம், முடிந்தால் இரண்டு மூன்று வெவ்வேறு குழுக்களில். சில குழுக்களில் பக்தி அதிகம் இருக்கும், சிலவற்றில் சிரிப்பு அதிகம். உங்களுக்கு எது ஒட்டுகிறதோ அதுதான் உங்கள் குழு. முதல் மூன்று மாதம் தினம் ஒரு கூட்டம் என்பது பழையவர்கள் சொல்லும் யோசனை. வேலைக்குப் போகிறவருக்குத் தினமும் முடியாவிட்டாலும், வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பிப்பது போதாது என்றே சொல்வேன்.

போன் நம்பர்

கூட்டம் முடிந்த பிறகு வாசலில் டீ குடிக்கிற பதினைந்து நிமிடம், கூட்டத்தை விட முக்கியமானது. அப்போதுதான் போன் நம்பர் கைமாறும். குறைந்தது மூன்று பேரிடம் வாங்குங்கள். ஒருவர் தூங்கினால், ஒருவர் வேலையில் இருந்தால், மூன்றாமவர் எடுப்பார்.

வாங்கி வைத்தால் மட்டும் போதாது, கூப்பிட்டுப் பழக வேண்டும். குடிக்கத் துடிக்கும்போது முதல்தடவையாக ஒரு புது ஆளைக் கூப்பிட யாருக்கும் கை வராது. எனவே ஒன்றும் இல்லாத நாளிலேயே கூப்பிடுங்கள். 'சும்மாதான்ணே கூப்பிட்டேன், இன்னிக்கு நல்லா இருக்கேன்' என்று ஒரு நிமிடம் பேசி வையுங்கள். அந்தப் பழக்கம் இருந்தால்தான் கஷ்டமான நாளில் விரல் அந்த எண்ணுக்குப் போகும்.

அப்படிப்பட்ட ஒரு அழைப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி:

'அண்ணே, பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். எதிர்த்தாப்புல கடை.'

'மத்தியானம் சாப்ட்டியா?'

'இல்லண்ணே.'

'போனை வெக்காத. பேசிக்கிட்டே நட. வலது பக்கமா இட்லிக் கடை இருக்கும்ல, அங்க போ. என்ன சண்டை, ஆபீஸ்லயா வீட்லயா?'

இவ்வளவுதான். தத்துவம் எதுவும் கிடையாது. பசி, கோபம், தனிமை, களைப்பு என்று நாலு விஷயத்தைத்தான் பழையவர்கள் முதலில் விசாரிப்பார்கள். இந்த நாலில் ஒன்று முற்றிப்போகும்போது குடி ஆசை எழும் என்பது அவர்கள் அடிபட்டுக் கண்டது. ஆசை அலையாக எழுந்து பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். அந்த அரை மணியைப் பேச்சிலும் இட்லியிலும் கடத்துகிறார்கள்.

கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு, தீபாவளி, பொங்கல் இவற்றுக்கு முந்தைய நாளே கூப்பிட்டுத் திட்டம் போட்டுக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குப் போவது, யாரோடு உட்காருவது, மாமன் மச்சான் இழுத்தால் என்ன சொல்வது. 'மாத்திரை சாப்பிடுறேன், டாக்டர் சேர்க்கக் கூடாதுன்னுட்டார்' என்பது நம் ஊரில் எடுபடுகிற பதில். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். கூத்து ஆரம்பிப்பது அதற்கப்புறம்தான்.

ஸ்பான்சர்

சில வாரங்கள் போன பிறகு ஸ்பான்சர் என்ற பேச்சு வரும். பணம் கொடுப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுக்கு முன்னால் இந்த வழியில் போனவர், பன்னிரண்டு படிகளையும் உங்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்ய உதவுகிறவர். யாரும் உங்களுக்கு ஒதுக்கித் தர மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

யாரைக் கேட்பது? நன்றாகப் பேசுகிறவரை என்று பலரும் போவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் வீட்டில் எப்படி இருக்கிறார், கோபம் வந்தால் என்ன செய்கிறார், மற்றவர் பேசும்போது கேட்கிறாரா என்று பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் குடிக்காமல் இருப்பவராக, தனக்கும் ஒரு ஸ்பான்சர் வைத்திருப்பவராக இருக்க வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம், அதை மீற வேண்டாம். ஒத்து வரவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம், அவர் வருத்தப்பட மாட்டார்.

கடவுள் விஷயத்தில் பலர் தடுக்கி நிற்பார்கள். படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, 'நாம் புரிந்துகொண்டபடியான' என்ற அடைமொழியோடு. முருகனாக இருக்கலாம், அல்லாவாக இருக்கலாம், ஏசுவாக இருக்கலாம். பெரியார் வழியில் வந்தவர்களும் கூட்டத்தில் இருக்கிறார்கள். என்னால் தனியாக முடியவில்லை, இந்தக் குழுவால் முடிகிறது, எனவே குழுதான் எனக்கு மேலான சக்தி என்று வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் யாரும் நோண்டுவதில்லை.

படிகளில் கடினமானவை நான்கும் ஐந்தும் ஒன்பதும். நான்கில் தன் குணக்கேடுகளைக் கூசாமல் எழுத வேண்டும், ஐந்தில் அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஒன்பதில் தன்னால் பாதிக்கப்பட்டவர்களிடம் போய்ச் சரிசெய்ய வேண்டும். புதிதாக வந்த உற்சாகத்தில் முதல் மாதமே ஊர் முழுக்கப் போய் மன்னிப்புக் கேட்கக் கிளம்பிவிடாதீர்கள். யாரிடம், எப்போது, எப்படி என்பதை ஸ்பான்சரோடு பேசி முடிவு செய்யுங்கள். நீங்கள் போய் நிற்பதே சிலருக்குப் புதுக் காயம் ஆகும். வாங்கிய கடனைத் தவணையில் திருப்பித் தருவதுதான் சில இடங்களில் சரியான மன்னிப்பு.

சறுக்கினால்

ஐந்து மாதம் இருந்துவிட்டு ஒரு நாள் குடித்துவிட்டால், அடுத்த கூட்டத்துக்கு எந்த முகத்தோடு போவது என்று நினைத்துத்தான் பலர் முழுதாக மூழ்கிப் போகிறார்கள். அதே வாரம் போங்கள். முடிந்தால் மறுநாளே. கை தூக்கிச் சொல்லுங்கள். கேலி செய்ய அங்கே ஆள் கிடையாது, பாதிப் பேர் அதைக் கடந்து வந்தவர்கள். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கற்றுக்கொண்டது தொலைந்து போகாது. ஸ்பான்சரிடம் உட்கார்ந்து, குடிப்பதற்கு முந்தைய ஒரு வாரம் என்னென்ன நடந்தது என்று பின்னோக்கிப் பாருங்கள். கூட்டத்துக்குப் போகாமல் விட்டது, போன் எடுக்காதது, பழைய கூட்டாளியைப் பார்த்தது என்று ஏதாவது ஒன்று கண்டிப்பாக அகப்படும்.

இதில் இன்னொரு ஆபத்து: இடையில் நிறுத்தியிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. தொடர்ந்து சில நாள் குடித்துவிட்டால் நிறுத்தும்போது மறுபடி டாக்டரைப் பாருங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

குடிக்கிறவர் கூட்டத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும், வீட்டில் இருப்பவருக்குத் தனியாகத் துணை வேண்டும். பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து தொடங்கிய அல்அனான் அதற்காகத்தான். கணவன் எப்போது வருவான், எந்த நிலையில் வருவான் என்று வாசலையே பார்த்துக்கொண்டு வாழ்ந்த பெண்கள், மகனுக்காகப் பீரோ சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்கிய அம்மாக்கள் அங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது: இதை நான் உண்டாக்கவில்லை, இதை என்னால் அடக்க முடியாது, இதை என்னால் குணப்படுத்தவும் முடியாது. 'நீ சரியா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்' என்று மாமியார் வருடக்கணக்கில் குத்திக் காட்டக் கேட்டிருந்த ஒரு பெண்ணுக்கு இந்த மூன்றும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சாப்பாட்டில், காபியில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து என்று விற்பதை வாங்காதீர்கள். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் போகச் செய்யும் டைசல்பிரம் மாத்திரை, டாக்டர் பார்வையில், சாப்பிடுகிறவர் தெரிந்தே சாப்பிட வேண்டியது. தெரியாமல் கொடுத்து அதன் மேல் அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

எங்கே கவனமாக இருக்க வேண்டும்

கூட்டங்கள் மனிதர்களால் ஆனவை. மாத்திரையை நிறுத்து, ஏஏ போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மனநல மாத்திரை பற்றி முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். கடன் கேட்கிறவர், சீட்டில் சேரச் சொல்கிறவர், புதிதாக வந்த பெண்ணிடம் நெருங்கப் பார்க்கிறவர் எங்காவது இருக்கத்தான் செய்வார்கள். குழுவின் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், அங்கே தீரவில்லையென்றால் வேறு குழுவுக்குப் போய்விடுங்கள். கூட்டத்தில் கேட்டதை வெளியே பேசாமல் இருப்பது மரபு, சட்டம் கிடையாது. போலீஸ் வழக்கு போன்ற விஷயங்களை எல்லோர் முன்பும் சொல்லாமல் ஸ்பான்சரிடமோ வக்கீலிடமோ பேசுவது நல்லது.

கூட்டம் வேறு, மறுவாழ்வு மையம் வேறு. ஏஏ யாரையும் பூட்டி வைப்பதில்லை. வேனில் வந்து ஆளைத் தூக்கிப் போகிறோம் என்று சொல்லும் மையங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி பதிவு பெற்றிருக்கிறதா, மனநல டாக்டர் வருகிறாரா, குடும்பத்தார் பார்க்க அனுமதி உண்டா என்று கேட்காமல் யாரையும் சேர்க்காதீர்கள். அடித்துத் திருத்துவதாகச் சொன்னால் அங்கே ஒரு நிமிடமும் நிற்க வேண்டாம்.

உங்கள் முறை வரும்போது

முதல் மாதத்திலிருந்தே ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்காலி போடுவது, டீ வாங்கி வருவது, பேனரைச் சுருட்டி வைப்பது. வேலை இருந்தால் வராமல் இருக்க முடியாது. 'நீங்க வரலைன்னா டீ யார் வாங்குவா?' என்று யாராவது கேட்பார்கள். பல வருடங்களாக வீட்டிலும் ஆபீசிலும் யாராலும் நம்பப்படாத ஒருவருக்கு அந்தக் கேள்வி கொடுக்கிற பலம் பெரிது.

ஒரு வருடம் முடியும் நாளைப் பிறந்தநாள் போலக் கொண்டாடுவார்கள். கேக் வெட்டி, குடும்பத்தாரையும் அழைத்து, கையில் ஒரு மெடல் கொடுப்பார்கள். அதற்கு முன்பே, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் புது ஆளைப் போய்ப் பார்க்கலாமா என்று யாராவது உங்களைக் கூப்பிடுவார்கள். போங்கள். தனியாகப் போகாதீர்கள், எப்போதும் இரண்டு பேராகப் போவதுதான் வழக்கம். பெண் என்றால் பெண்கள் போக வேண்டும். அவர் போதையில் இருந்தால் பேச்சை வளர்க்காமல், தெளிந்த பிறகு வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். பணம் கொடுக்காதீர்கள், குடும்பச் சண்டையில் பஞ்சாயத்துப் பண்ணாதீர்கள், 'நீங்கள் குடியை விட வேண்டும்' என்று ஒரு தடவைகூடச் சொல்லாதீர்கள். உங்கள் கதையைச் சொல்லுங்கள். தண்ணி டேங்க்கோ, செருப்பு அலமாரியோ, நீங்கள் எங்கே ஒளித்து வைத்தீர்களோ அதைச் சொல்லுங்கள். அவர் முகம் உங்கள் பக்கம் திரும்பினால் மேலே பேசுங்கள். திரும்பவில்லையென்றால் அடுத்த கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த பஸ் நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி, அவர் மனைவியிடமும் ஒன்று கொடுத்துவிட்டு வாருங்கள்.